உரப்பையில் வந்த குட்டி: வன்னியில் தொண்டர்களாகப் பூனைக் காப்பகம் நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் படலையடியில் ஓர் உரப்பை கிடக்கும். உள்ளே நாலைந்து குட்டிகள். புதிதாகச் சேர்ந்த தொண்டர் அவற்றை அள்ளிக்கொண்டு நேரே மற்றப் பூனைகள் நிற்கும் அறைக்குள் போவார். தட்டில் பசுப்பால் ஊற்றுவார். தெள்ளு ஊருகிறதென்று கிருமிநாசினி கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவார். மூன்றும் இரக்கத்தில் செய்கிற பிழைகள். முதலாவது காப்பகம் முழுவதையும் நோயில் விழுத்தும். மற்ற இரண்டும் அந்தக் குட்டிகளையே கொல்லும்.

அந்த உரப்பை வந்த நேரத்திலிருந்து குட்டி இன்னொரு வீட்டுக்குப் போகும் நாள் வரை செய்ய வேண்டியவை இங்கே ஒழுங்காக உள்ளன. ஒழுங்குதான் முக்கியம். பால் நல்லதுதான், ஆனால் குளிர்ந்த குட்டிக்கு அதுவே நஞ்சு. தடுப்பூசி நல்லதுதான், ஆனால் நோய் தொற்றியபின் போடுவதில் பலன் குறைவு.

1. முதல் பூனை வருமுன்

தனிமை அறை இல்லாமல் காப்பகத்தைத் தொடங்காதீர்கள். சிறியதாக இருந்தாலும் போதும். மற்றப் பூனைகளின் அறையோடு ஒட்டாமல், காற்று அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். அதற்கென்று தனியே ஒரு தும்புத்தடி, ஒரு வாளி, ஒரு சோடி செருப்பு, மேலே போட ஒரு பழைய சேட்டு. இவை அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. வாளிக்கு ஒரு நிறத்தில் பெயின்ற் அடித்துவிட்டால் யாரும் மாறி எடுக்கமாட்டார்கள்.

நிலம் சீமெந்தாக இருக்கட்டும். பூனைகளின் பார்வோ நோய் (குடலைத் தாக்கிக் குட்டிகளைக் கொல்லும் தொற்று) பரப்பும் கிருமி வெளிச் சூழலில் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கக்கூடியது. மண் நிலத்தைக் கழுவித் தொற்று நீக்க வழியில்லை. சீமெந்துக்கு வசதி வரும்வரை தடித்த தறப்பாள் விரித்து, ஓரங்களைச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு மடித்து ஆணி அடியுங்கள்.

கூரை தகரமென்றால் அதன்மேல் கிடுகு வேயுங்கள். சித்திரை முதல் ஆவணி வரை வெறுந் தகரத்தின் கீழ் மத்தியானத்தில் குட்டி தாங்காது. சுவரை அரையளவுக்குக் கட்டி, மேலே சிறு கண் கம்பிவலை அடிப்பது இந்த ஊருக்குச் சரி. கதவின் கீழ் சின்னவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் அடையுங்கள். உலர் தீவனம் திறந்து கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் புடையன் வரும். தீவனம் எப்போதும் மூடியுள்ள வாளியில்.

வாங்கி வைக்க வேண்டியவற்றில் முதலாவது, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. பாத்ரூம் தராசு குட்டிக்கு உதவாது. அடுத்தது ஊசியில்லாத சிறிஞ்ச், 1 மி.லீ அளவிலும் 5 மி.லீ அளவிலும். பூனைக்குட்டிப் பால்மா ரின் ஒன்றாவது கையிருப்பில் இருக்க வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கேட்ட அன்றே கிடைக்குமென்று நம்பியிருக்காதீர்கள். உரப்பை வந்தபின் தேடினால் ஒரு நாள் போய்விடும், பச்சைக் குட்டிக்கு ஒரு நாள் அதிகம்.

கூண்டுக்குப் பணமில்லையென்றால் பழக்கடையில் கிடக்கும் பிளாஸ்ரிக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்து, நாலு பக்கமும் கேபிள் ரை போட்டு இறுக்குங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அவிழ்க்கக்கூடிய கயிறு. பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் போக இது போதும். மேலே ஈரச் சீலை ஒன்று போட்டால் பூனை கத்தாது, வெயிலும் சுடாது. காற்றுப் போக ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். கடகத்தில் குட்டிகளைக் கிடத்துவது வடிவாக இருக்கும், ஆனால் ஓலைப் பின்னலுக்குள் புகுந்த அழுக்கைக் கழுவ முடியாது. காட்போட் பெட்டி எடுங்கள், முடிந்ததும் எரியுங்கள்.

எத்தனை பூனை என்ற எல்லையை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வளர்ந்த பூனை ஒன்றுக்கு நாளுக்கு ஏறக்குறைய 60 கிராம் உலர் தீவனம். 20 பூனைக்கு 1.2 கிலோ, மாதத்துக்கு 36 கிலோ. அந்த 36 கிலோவுக்கு மூன்று மாதக் காசு கையில் இல்லையென்றால் 20 என்று எழுதாதீர்கள்.

2. எடுப்பதா, விடுவதா

தனியே கத்துகிற குட்டியெல்லாம் தாயில்லாத குட்டி அல்ல. வைக்கோல் போருக்குள், விறகு அடுக்குக்குள், உழவு இயந்திரக் கொட்டிலுக்குள் குட்டி போட்ட தாய் இரை தேடிப் போயிருக்கும். அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் அள்ளும் நாட்களில் வரும் அழைப்புகளில் பல இப்படித்தான்.

குட்டிகள் கொழுகொழுவென்று, சூடாக, அமைதியாகக் கிடந்தால் தாய் இருக்கிறது. குட்டிகளைச் சுற்றி மெல்லிய வளையமாக அடுப்புச் சாம்பல் தூவிவிட்டு, நாலு முதல் ஆறு மணித்தியாலம் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தாய் வராது. சாம்பலில் பூனையின் கால் பதிந்திருந்தால் குட்டிகளை விட்டுவிட்டுத் தாய்க்குச் சாப்பாடு வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தாய்ப்பாலுக்கு ஈடாக ரின் பால்மா எதுவும் இல்லை.

குட்டி குளிர்ந்தோ, எறும்பு மொய்த்தோ, மழையில் நனைந்தோ கிடந்தால் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள், குட்டி எவ்வளவு கத்தினாலும் இறங்கக்கூடாது. வேலியோரத்தில் மீன் வைத்துக் கூப்பிடலாம். அதற்கு மேல் இல்லை.

3. படலையடியில் முதல் பத்து நிமிடம்

கையுறையும் தனிமை அறைச் சேட்டும் போட்டபின்தான் உரப்பையைத் திறப்பது. தடித்த துவாய் ஒன்றால் குட்டியைப் பொதிந்து எடுங்கள். பயந்த குட்டிகூட எலும்பு வரை கடிக்கும்.

ஒவ்வொன்றையும் நிறுத்து, கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: இலக்கம், திகதி, கிடைத்த இடம், நிறம், எடை, கண் திறந்ததா, பல் உண்டா. பெயர் பிறகு வைக்கலாம். ஒரே ஈற்றில் மூன்று சாம்பல் குட்டிகள் வந்தால் பெயரால் பிரித்தறிய முடியாது, மருந்து இரண்டு தடவை ஒன்றுக்கே போகும். கழுத்தில் நூல் கட்டாதீர்கள், நெரிக்கும். காதின் உட்புறத்தில் வெவ்வேறு நிற நகப்பூச்சு ஒரு பொட்டு போதும்.

வயதை இப்படிக் கணியுங்கள். பிறந்தபோது ஏறக்குறைய 100 கிராம், பிறகு வாரத்துக்கு இன்னொரு 100. கண் திறப்பது 7 முதல் 14 நாளுக்குள். முன்பல் எட்டிப் பார்ப்பது மூன்றாம் வாரம். பட்டினி கிடந்த குட்டியில் எடை பொய் சொல்லும்; கண்ணையும் பல்லையும் நம்புங்கள்.

4. சூடு முதல், பால் பிறகு

அதிகக் குட்டிகள் சாவது இந்த இடத்தில்தான், அதுவும் பசியால் அல்ல. குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செமிக்காமல் புளித்து, வயிறு ஊதி, சில மணித்தியாலத்தில் குட்டி போய்விடும். "பால் குடித்தது, பிறகு செத்துப்போனது" என்று கொப்பியில் எழுதும் நிலை வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சின்னவிரல் நுனியைக் குட்டியின் வாய்க்குள் வையுங்கள். உட்புறம் குளிர்ந்திருந்தால் பாலைத் தொடாதீர்கள். முதல் வாரத்துக் குட்டியின் உடல் வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. வளர்ந்த பூனைக்கு இயல்பு 38 முதல் 39 பாகை.

ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். ஏன் ஒரு பக்கம்? சூடு கூடினால் குட்டி தானே தள்ளிப் போக இடம் வேண்டும். முழுப் பெட்டியும் சூடென்றால் அது தப்ப வழியில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஆறிப்போன போத்தல் குட்டியின் சூட்டையே உறிஞ்சும். கரண்ட் போனாலும் நிற்காத முறை இது.

அவசரப்பட்டு அடுப்பருகே வைப்பதும் சுடுநீரில் அமுக்குவதும் பிழை. ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். அந்த இடைவெளியில் துவண்டு கிடந்தால் சீனிக் கரைசல் ஒரு சொட்டை முரசில் தடவலாம். வாய் சூடாகி, குட்டி தலையை ஆட்டி முலை தேடத் தொடங்கினால் ஜீவனிக் கரைசலை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்) உடல் சூட்டில் சில சொட்டு கொடுங்கள். அதை விழுங்கினால் அடுத்த வேளைக்குப் பால்.

குளிர் நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகள் இரவும் பகலும் மின்விளக்கு எரிக்கச் சொல்லும். அதை அப்படியே இங்கே செய்தால் வைகாசி மத்தியானத்தில் குட்டி வெந்துவிடும். முதல் வாரத்துக் குட்டிக்குப் பெட்டிக்குள் 30 முதல் 32 பாகை வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் பகல் வெயிலே அதைத் தந்துவிடும். மார்கழி, தை இரவுகளிலும் மாரி மழையிலும்தான் போத்தல் கட்டாயம். குட்டிகளையே பாருங்கள்: ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், கைகாலை விரித்துத் தனித்தனியே கிடந்து கத்தினால் சூடு.

5. பால் ஊட்டுதல்

பசுப்பால், தேநீருக்குப் போடும் பால்மா, குழந்தைப் பால்மா மூன்றும் வேண்டாம். பசுப்பாலில் உள்ள பாற்சர்க்கரை வயிற்றோட்டம் தரும். மற்றவற்றில் பூனைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதாது. ரின் வரும்வரை ஆட்டுப்பால் ஒன்றிரண்டு நாளைக்குத் தாங்கும். அதற்கு மேல் அதில் குட்டி வளராது.

அளவுக்கு ஓர் உதாரணம். 200 கிராம் குட்டிக்கு நாளுக்கு 50 முதல் 55 மி.லீ. அதன் இரைப்பை ஒரு தடவைக்குத் தாங்குவது 100 கிராம் எடைக்கு 4 மி.லீ, அதாவது 8 மி.லீ. ஆகவே நாளுக்கு ஏழு தடவை. "நன்றாகக் குடிக்கிறதே" என்று 15 மி.லீ கொடுத்தால் மூக்கால் வரும், அல்லது வயிறு போகும். முதல் வாரம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும். இரண்டாம் வாரம் மூன்று, மூன்றாம் வாரம் நாலு, நாலாம் வாரம் ஐந்து மணித்தியாலம்.

குட்டி குப்புறக் கிடக்க வேண்டும், தாயிடம் குடிப்பதுபோல. குழந்தையை மடியில் கிடத்துவதுபோல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். சிறிஞ்சைக் கடைவாய்ப் பக்கமாக வைத்து, ஒரு சொட்டு, விழுங்கியதா என்று பார்த்து அடுத்த சொட்டு. மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைச் சற்றுத் தாழ்த்தித் துடையுங்கள். அதன்பின் மூச்சில் கரகரப்புக் கேட்டால் அன்றே வைத்தியரிடம்.

மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சலம் மலம் கழிக்காது. பால் கொடுத்த பிறகு இளஞ்சூட்டு நீரில் தோய்த்த பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவுங்கள். இதை மறந்த தொண்டரின் குட்டிதான் "வயிறு நிறைந்து" கிடக்கும். சலம் கடுமஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை.

தினமும் ஒரே நேரத்தில், பாலுக்கு முன் நிறுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் வைத்தியர். கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரியும்.

6. தெள்ளு

ஒரு குட்டியின் இரத்தத்தைத் தெள்ளு குடித்தே கொன்றுவிடும். முரசு வெள்ளைச் சீலை போல வெளிறியிருந்தால் அவசரம். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மருந்தை வைத்தியர் சொல்லாமல் போடாதீர்கள். இளஞ்சூட்டு நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, முதலில் கழுத்தைச் சுற்றி நுரைத்து (இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் முகத்துக்கு ஏறும்), உடலைக் கழுவி, நெருக்கமான சீப்பால் வாரி, உடனே துடைத்துச் சூட்டுப் பெட்டிக்குள் விடுங்கள். குளிர்ந்த குட்டியைக் கழுவாதீர்கள். சூடு திரும்பும்வரை தெள்ளு இருக்கட்டும்.

நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது வலிப்பும் சாவும். பனடோலும் பூனையைக் கொல்லும். தண்ணீரில் விட்டதும் வெள்ளையாகும் கிருமிநாசினிகளும் அப்படியே: அவற்றையும் பனடோலையும் முறிக்கப் பூனையின் ஈரலுக்கு இயலாது, நக்கிய அளவே போதும்.

7. பதினாலு நாள் தனிமை

பார்வோ நோய் உடலுக்குள் புகுந்து வெளியே தெரிய 2 முதல் 10 நாள் எடுக்கும். அதனால்தான் 14 நாள். "துள்ளி விளையாடுகிறதே, விடலாம்" என்று ஐந்தாம் நாள் கதவைத் திறப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யப் பார்க்கும் காரியம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை: பத்தாம் நாளில் புதுக் குட்டி ஒன்று வந்ததும் அதே கூட்டில் போடுவது. போட்டால் எல்லாவற்றுக்கும் கணக்கு முதலாம் நாளிலிருந்து தொடங்கும்.

வேலை ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் நலமான குட்டிகள், பிறகு வளர்ந்தவை, கடைசியாகத் தனிமை அறை. அங்கிருந்து வந்தவர் அன்று மற்ற அறைகளுக்குத் திரும்பக்கூடாது. ஆள் குறைவான நாளில்தான் இந்த விதி உடையும். ஆகவே முறைப்பட்டியல் போடும்போது தனிமை அறைக்குரியவரை முதலில் எழுதுங்கள். இரவுப் பாலை ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். மூன்றாம் இரவில் அவர் நித்திரை கொண்டுவிடுவார், நாலாம் வாரத்தில் வருவதையே நிறுத்திவிடுவார்.

முறை மாறும்போது கொப்பியில் "சாப்பிட்டது" என்று எழுதினால் பயனில்லை. "மதியம் 30 கிராம் வைத்தது, 10 மீதி, ஒருமுறை சத்தி, மலம் இளக்கம்" என்று எழுத வேண்டும். தண்ணீர்க் கோப்பைமேல் தலையைத் தொங்கப்போட்டு, குடிக்காமல் இருக்கும் பூனையைக் கண்டால் அடுத்த முறைக்காரருக்காகக் காத்திராமல் வைத்தியரை அழையுங்கள். பார்வோ நோயில் அடிக்கடி காணும் கோலம் அது.

தும்மல், கண்ணில் பீளை, மூக்கடைப்பு என்றால் பூனைச் சளி. மணம் தெரியாததால் சாப்பிடாது. மீனைச் சற்றுச் சூடாக்கி வைத்தால் மணம் ஏறும். வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரை, தொண்டருக்கும் தொற்றும்.

8. கழுவுதல்

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கை நீக்குங்கள், பிறகுதான் பிளீச். அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு மல்லுக்கட்டியே தன் வலுவை இழக்கும். 5 வீதத் திரவப் பிளீச்சில் 30 மி.லீ, ஒரு லீற்றர் தண்ணீர், 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். பிறகு அலசி, காயவைத்த பின்தான் பூனை. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளின் வலு வேறு. இந்த அளவு அதற்குப் பொருந்தாது. சலம் தேங்கிய தட்டில் நேரே பிளீச் ஊற்றினால் மூச்சுத் திணற வைக்கும் வாயு எழும்.

மலத் தட்டுக்கு அரிசி ஆலையில் கிடைக்கும் உமி இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு நன்றாக வேலை செய்யும். உமி மட்டுமென்றால் கிளறும்போது அறை முழுக்கப் பறக்கும், மணல் மட்டுமென்றால் தூக்க முடியாத பாரம். உமியைப் புடைத்துத் தூசியைப் போக்குங்கள். தட்டை நாளுக்கு ஒருமுறையாவது மாற்றுவதற்கு மணத்தைத் தவிர இன்னொரு காரணம் உண்டு: மலத்தில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

9. வளர்ந்தவற்றின் சாப்பாடு

முல்லைத்தீவுக் கரையிலிருந்து மலிவாக வரும் சூடை, நெத்தலி கைகொடுக்கும். ஆனால் நாள்தோறும் பச்சை மீன் மட்டும் கொடுத்தால் தயமின் (விற்றமின் B1) குறைந்து பூனை தள்ளாடும். அவித்துக் கொடுங்கள், அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்: பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய தோரின் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். சோற்றைப் பிசைந்து அளவைப் பெருக்குவது நம் வழக்கம். பூனைக்கு அது வயிற்றை நிரப்பும், உடம்பில் பிடிக்காது. வீட்டு மீன்குழம்பு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாடும் வேண்டாம், உப்பு.

10. பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை

குடற்பூச்சி மருந்து இரண்டாம் வாரத்திலிருந்து, எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்றபடி. பார்வோவையும் பூனைச் சளிக் கிருமிகள் இரண்டையும் தடுக்கும் மூன்று நோய்த் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் தாண்டும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை. ஒன்று போட்டதும் விட்டுவிட்டால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அதை முறித்திருக்கக்கூடும். விசர் நோய்த் தடுப்பூசி 12 வாரத்தில், பிறகு ஒரு வருடத்தில் மீண்டும்.

பெட்டை நாலு மாதத்திலேயே சினைப்படலாம். கருத்தடையை ஐந்து மாதத்துக்குமுன் முடியுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்குமே நாள் போதாது. முன்கூட்டியே பேசி, ஒரே நாளில் ஐந்தாறு பூனையாகக் கொண்டுபோனால் அவர்களுக்கும் வசதி. வளர்ந்தவற்றுக்கு முந்திய இரவுக்குப் பின் சாப்பாடு இல்லை. குட்டிக்கு அப்படிப் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணித்தியாலம் என்று வைத்தியரைக் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் முழுதாகத் தெளியும்வரை நிலத்தோடு உள்ள கூட்டில் மட்டும். மயக்கத்தோடு மேசையில் ஏறி விழுந்து கால் முறித்தவை உண்டு. பெட்டையை 10 முதல் 14 நாள் பாய விடாதீர்கள். கடுவனைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் சில வாரம் பெட்டைகளோடு விட வேண்டாம். உடலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் விந்து அதுவரை தீராது. தெருவுக்குத் திரும்பிப் போகும் பூனைக்குக் கருத்தடை அடையாளமாகக் காது நுனியை மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதையே மீண்டும் பிடிப்பீர்கள்.

11. கடியும் கீறலும்

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம். மணிக்கூட்டைப் பாருங்கள்; பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் எழும்பிவிடுவார்கள். அன்றே அரச ஆஸ்பத்திரி, அங்கே விசர் நோய்த் தடுப்பூசி இலவசம். மஞ்சளும் கோப்பித்தூளும் பூச வேண்டாம். கடித்த பூனையை 14 நாள் கட்டாயம் தனியே வைத்துப் பாருங்கள். அதற்குள் செத்தால் புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

12. வீடு கொடுத்தல்

எட்டு வாரத்துக்கு முன் கொடுக்க வேண்டாம், தடுப்பூசியில்லாமலும் வேண்டாம். கருத்தடை முடித்துக் கொடுப்பதே நல்லது. "பிறகு செய்விக்கிறோம்" என்ற வாக்கு பயிர் வேலையோடு மறந்துபோகும், ஆறு மாதத்தில் அதன் குட்டிகள் உரப்பையில் வரும்.

வீட்டைப் போய்ப் பாருங்கள். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா? நெல் அடுக்கும் அறையில் எலி மருந்து வைக்கிறார்களா? வைக்கிறார்களென்றால் கொடுக்காதீர்கள், மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகும். ஏ9 வீதியோரமென்றால் வளர்ந்த, வீட்டுக்குள் பழகிய பூனையாகப் பார்த்துக் கொடுங்கள். கறுப்புக் குட்டியை யாரும் கேட்கவில்லையென்றால் சகுனத்தை மட்டும் பழி சொல்லாதீர்கள். மங்கிய அறையில் எடுத்த படத்தில் அதன் முகமே தெரிந்திராது. காலை வெளிச்சத்தில் வெளிர்நிறச் சீலைமேல் வைத்து எடுங்கள்.

புது வீட்டில் மூன்று வாரம் உள்ளேயே அடைத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் நாளே முற்றத்தில் விட்டால் பழைய இடம் தேடி நடக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் ஒருமுறை, மூன்றாம் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டு, அதே கொப்பிப் பக்கத்தில் எழுதுங்கள். திருப்பித் தர விரும்பினால் கேள்வி கேட்காமல் எடுப்போம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுச் சந்தையில் விட்டுவிடுபவர்களை அது தடுக்கும்.

குட்டி போன அன்றே கூட்டைச் சவர்க்காரத்தால் கழுவி, பிளீச் ஊற்றி, அலசி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பெட்டியும் சீலையும் எரிக்க. அடுத்த இலக்கம் அதற்குப் பிறகு.